விரல்களின் வன்முறை

'வீடியோ விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்குது' என்கிற சொல்லாடல் எங்கிருந்து வந்தது? 1992இல் வெளிவந்த மோர்ட்டல் காம்பாட்டில் தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிடுங்கலாம். இதை முன்வைத்து 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. 1994இல் கம்பெனிகளே வயது முத்திரை குத்த ஓர் அமைப்பை உண்டாக்கிக்கொண்டன.

அந்தப் பதற்றத்தை நம்மூர் நடுத்தர வர்க்கமும் கடன் வாங்கியது. கோவில்பட்டியில் ஃபேமிகாம் நகல் பெட்டியில் பையன்கள் கான்ட்ரா ஆடுவதைக் காட்டி, 'விரலு தேயுது, கண்ணு போகுது' என்று அங்கலாய்த்தவர்களை எனக்குத் தெரியும். அதே காலத்தில் கரிசக்காட்டுப் பிள்ளைகளின் விரல்கள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தன. மழை பொய்த்த பூமியில் வேறென்ன பிழைப்பு? 14 வயதுக்குட்பட்டவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் வைக்கக் கூடாதென்றது 1986ஆம் வருஷச் சட்டம். குடும்பத்தோடு செய்தால் பொருந்தாது என்று ஒரு சந்தும் விட்டது. பெட்டி ஒட்டுகிற வீடுகளுக்கு அந்தச் சந்து போதாதா? சட்டத்தை மீறி வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும் என்று சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பரில்தான்.

விளையாட்டில் என்னை உறுத்துவது ரத்தம் இல்லை. 1991இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டில் இந்தியனாக வருகிற தால்சிம்தான். கழுத்தில் மண்டையோடு, வாயில் நெருப்பு, ரப்பராக நீளும் கை, பின்னால் யானைகள். ஜப்பானியக் காப்காம், மேற்கின் கண்ணாடியை இரவல் வாங்கி நம்மைப் பார்க்கிறது. இதை எந்த செனட்டும் விசாரிக்கவில்லை. ஆனாலும் நல்ல ஆட்டம்தான், மறுக்க மாட்டேன். எட்டுப் பேரில் பெரும்பாலானவர்கள் ஆளுக்கொரு விதம். எட்ட நின்றே அடிக்கிற தால்சிமை ஆடப் பொறுமையும் விரல் வேகமும் வேணும். குச்சி அடுக்கிய பிள்ளைகளிடம் அவை இரண்டும் நிறையவே இருந்தன. ஆட நேரம்தான் இல்லை.