இயங்குதளம் குடிபெயர்ந்த கதை



சென்ற பள்ளி விடுமுறையில் எனது பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர் ஊட்ட எண்ணி, 120 கிகாபைட் கொள்ளளவுள்ள சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினேன். உடன் பணிபுரியும் இளம் ஆசிரியர் ஒருவர், "நீங்கள் கவலைப்படாதீர்கள் டீச்சர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்கிச் சென்றார். மறுநாள் முகம் வாடி வந்தார். "சி டிரைவில் இருந்த விண்டோஸ் கோப்பு எல்லாவற்றையும் காப்பி செய்துவிட்டேன் டீச்சர். எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் கணினி திறக்க மாட்டேன் என்கிறது" என்றார்.

அவர் மீது பிழையில்லை. ஒரு கட்டுரையைப் படியெடுத்தால் கட்டுரை வந்துவிடுகிறது. இயங்குதளத்தைப் படியெடுத்தால் மட்டும் அது ஏன் வருவதில்லை? இதற்கான விடை ஏறத்தாழ எழுபது ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்பது பலருக்கும் தெரியாது.

அவர் பெயர் ரெனால்டு ஜான்சன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயன்வுட் எனும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். விடைத்தாள் திருத்தும் சுமை தாங்காமல், பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்ற எளிய உண்மையைக் கொண்டு, கருமையிட்ட விடைகளைத் தானே எண்ணும் பொறி ஒன்றை உருவாக்கினார். ஐ.பி.எம். நிறுவனம் 1934இல் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அப்பொறி 1937இல் ஐ.பி.எம். 805 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்த காலத்தில், "2பி பென்சிலால் வட்டத்தை நன்றாகக் கருமையாக்குங்கள்" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! அப்பழக்கத்தின் மூலவர்களுள் அவரும் ஒருவர்.

அதே ஜான்சனை 1952இல் ஐ.பி.எம். கலிபோர்னியாவின் சான் ஓசே நகருக்கு அனுப்பிப் புதிய ஆய்வுக்கூடம் தொடங்கச் சொன்னது. அங்கு அவருடைய குழு உருவாக்கியதுதான் உலகின் முதல் வன்தட்டுக் கருவி. 1956இல் அறிவிக்கப்பட்ட ராமாக் கணினியுடன் அது வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை. அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள்; இன்றைய கணக்கில் நான்கு மெகாபைட்டுக்கும் குறைவு. நம் மாணவர் திறன்பேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கே அந்த இடம் போதுமோ என்னவோ.

அப்போது இயங்குதளம் என்ற ஒன்று அத்தட்டில் குடியிருக்கவில்லை. 1960களில்தான் அது அங்கே குடியேறியது. ஐ.பி.எம். தன் சிஸ்டம்/360 கணினிகளை 1964இல் அறிவித்தபோது, அவற்றை நடத்தும் மென்பொருள் முழுவதையும் முதன்மை நினைவகத்தில் வைத்திருக்க இடம் போதாது என்பது தெரிந்தது. ஆகவே தேவையான பகுதியை மட்டும் அவ்வப்போது உள்ளே கொண்டுவந்து, மற்றதை வெளியே வைத்தார்கள். காந்த நாடாவில் வைத்தவர்களுக்கு ஒரு பதிப்பு, தட்டில் வைத்தவர்களுக்கு இன்னொரு பதிப்பு. இரண்டாவதன் பெயர்தான் டாஸ், அதாவது தட்டு இயங்குதளம். வீட்டின் பெயரே குடியிருப்பவரின் பெயராகிவிட்டது.

நம் தலைமுறை அறிந்த டாஸ் வேறு. 1981இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணினி நெகிழ்வட்டில் இயங்கியது. 1983 மார்ச்சில் வந்த எக்ஸ்.டி. கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0 செய்த ஓர் ஏற்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் இளம் ஆசிரியரின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கணினியை இயக்கும்போது, அதற்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: வன்தட்டின் முதல் துண்டைப் படி, அங்கே சொல்லியிருப்பதைச் செய். செக்டர் எனப்படும் அந்தத் துண்டின் அளவு 512 பைட்டு. அதில் 446 பைட்டு, தொடக்கக் கட்டளைகளுக்கு. 64 பைட்டு, தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்று கூறும் அட்டவணைக்கு. எஞ்சிய இரண்டு பைட்டு, இது செல்லுபடியாகும் என்பதற்கான முத்திரை. இந்த 512 பைட்டும் எந்தக் கோப்புறையிலும் இல்லை. எனவே கோப்புகளை எத்தனை கவனமாகப் படியெடுத்தாலும் அது உடன் வராது. அக்கால டாஸில் 'காப்பி' என்ற கட்டளை இருந்தபோதே 'சிஸ்' என்ற தனிக் கட்டளையும் இருந்ததற்குக் காரணம் இதுவே. இயங்குதளத்தின் மறைகோப்புகளை உரிய இடத்தில் அமர்த்தி, அப்பகுதியின் தொடக்கத் துண்டையும் எழுதித் தருவது 'சிஸ்' கட்டளையின் வேலை.

இன்றைய கணினிகளில் ஜி.பி.டி. எனும் புதிய அட்டவணை வந்துவிட்டது. தொடக்கக் கோப்புகள் கண்ணில் படாத சிறு பகுதி ஒன்றில் இருக்கின்றன. நம் ஆசிரியர் அந்தப் பகுதியைத்தான் விட்டுவிட்டார்.

கோப்புகளைப் பார்க்காமல் தட்டையே பார்த்துப் படியெடுக்கும் மென்பொருள் 1990களின் நடுவில் வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மரே ஹஸார்டு உருவாக்கிய 'கோஸ்ட்' அவற்றுள் புகழ்பெற்றது. 1998இல் சைமன்டெக் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. கணினிக்கூடப் பொறுப்பேற்ற ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு கணினியைச் சரிசெய்து, அதன் பிம்பத்தை மற்ற இருபது கணினிகளிலும் இறக்கிவிட்டால், அந்த வாரப் பாடம் பிழைத்தது.

இதற்கிடையே ஜப்பானில் வேறொரு வீடு கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தையும், 1987இல் அதன் நேண்ட் வடிவத்தையும் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஒரே வீச்சில் அழிவது நிழற்படக் கருவியின் மின்னொளியைப் போல் இருக்கிறதென்று அவருடன் பணியாற்றிய ஷோஜி அரிஸுமி இட்ட பெயர் அது. தம் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று மசுவோக்கா வழக்குத் தொடுக்க, 2006இல் 8 கோடியே 70 இலட்சம் யென்னுக்குச் சமரசம் ஆயிற்று. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் பொருளுக்கு அது பெருந்தொகையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தப் புது வீட்டின் இயல்பு வேறு. இதில் சுழலும் தட்டு இல்லை. எழுதியதன் மேலேயே மீண்டும் எழுத முடியாது. சிறு பக்கங்களாக எழுதலாம், ஆனால் பல பக்கங்கள் சேர்ந்த பெருந்தொகுதியாகத்தான் அழிக்கலாம். அழிக்கும் தடவைக்கும் எல்லை உண்டு. ஆயினும் இயங்குதளத்திற்கு இவை எதுவும் தெரியாதபடி, "நான் வன்தட்டுதான்" என்று எஸ்.எஸ்.டி.யின் உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி நடித்தது. நடிப்பு எங்கும் பொருந்திவிடவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி வரை தட்டின் முதல் பகுதி வழக்கமாக 63ஆம் செக்டரில் தொடங்கியது. வன்தட்டில் ஒரு சுற்றுக்கு 63 செக்டர் என்று கணக்கிட்ட காலத்தின் மிச்சம் அது. 63ஐ 512ஆல் பெருக்கினால் 32,256; அது 4,096ஆல் மீதியின்றி வகுபடாது. ஐந்தாம் ஆண்டு மாணவரே வகுத்துக் காட்டிவிடுவார். விளைவு: எக்ஸ்பி வன்தட்டை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு மாற்றியவர்களுக்கு, ஒரு பக்கத்தில் அடங்க வேண்டிய எழுத்து இரண்டு பக்கங்களில் கால் வைத்து நின்றது. விஸ்டா முதல் ஒரு மெகாபைட் தள்ளித் தொடங்கும் வழக்கம் வந்து இக்குறை நீங்கியது. அழிக்கப்பட்ட இடம் எது என்று இயங்குதளமே எஸ்.எஸ்.டி.யிடம் சொல்லும் டிரிம் எனும் ஏற்பாடு 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்தது.

இந்த 63ஐப் படித்தபோது எனக்கு நம் தமிழ்ப்பள்ளிகள்தாம் நினைவுக்கு வந்தன. தோட்டம் துண்டாடப்பட்டு, பள்ளி நகருக்கு மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் பெயர்ப்பலகையில் 'லாடாங்' இன்னும் இருக்கிறதல்லவா?

2007இல் தைவானின் ஏசுஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ பிசி எனும் குட்டி மடிக்கணினியில் இருந்தது 4 கிகாபைட் ஃபிளாஷ் நினைவகம். 2008இல் இன்டெல் 80 கிகாபைட் எஸ்.எஸ்.டி.யை 595 டாலர் மொத்தவிலையில் கொண்டுவந்தது. வேகம் உண்டு, இடமோ குறைவு; ஆகவே இயங்குதளம் சிறிய எஸ்.எஸ்.டி.யிலும், படங்களும் ஆவணங்களும் பெரிய வன்தட்டிலும் என்று குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. எதைக் கூட்டிச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற கேள்வியும் அப்போதுதான் எழுந்தது.

என் மடிக்கணினியில் அக்கேள்விக்கு ஒரு தனிக்காரணம் உண்டு. 2003இல் நான் புதிதாகப் பணியேற்றபோது, எங்கள் பள்ளி மலருக்காகப் பழைய நன்கொடைப் பதிவேட்டைத் தட்டச்சு செய்தேன். பள்ளிக் கட்டடத்திற்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி கொடுத்த தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் அவை. பதிவேட்டைப் பின்னர் கரையான் அரித்துவிட்டது. எஞ்சியது என் கோப்பு மட்டுமே. யூனிகோடு எங்கள் பள்ளியை எட்டாத காலம் அது. ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் எழுத்துகளை ஏற்றிய பழைய எழுத்துருவில் அடித்திருந்தேன். 2011இல் ஒரு கணினிக் கடையில் விண்டோஸைப் புதிதாகப் பதித்து, ஆவணங்களைப் பத்திரமாகத் திருப்பித் தந்தார்கள். திறந்து பார்த்தால் பெயர்கள் எல்லாம் புள்ளியும் கொம்பும் முளைத்த ஆங்கில எழுத்துகளாய் நின்றன. கோப்பு பிழைத்திருந்தது. எழுத்துரு விண்டோஸ் கோப்புறையில் இருந்தது. அது விண்டோஸுடன் போய்விட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக் கணினியில் அவ்வெழுத்துரு கிடைக்கும்வரை எனக்குத் தூக்கமில்லை. எழுத்துருவை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். இப்போது மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன்.

ஆகவே இம்முறை புதிதாகப் பதிக்கச் சம்மதிக்கவில்லை. 500 கிகாபைட் வன்தட்டில் 210 நிரம்பியிருந்தது. வகுப்புப் படங்களையும் மாணவர்களின் வாசிப்புப் பதிவுகளையும் வெளிவட்டுக்கு மாற்றி 80க்குக் கொண்டுவந்தோம். பகுதியைச் சுருக்க முயன்றால் பாதி வழியில் நின்றுவிட்டது. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் அமர்ந்திருந்தன. உறக்கநிலைக் கோப்பு, மாற்று நினைவகக் கோப்பு, மீட்புப் புள்ளிகள் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே 100 கிகாபைட்டுக்குச் சுருங்கியது. பின்னர் மறைந்திருக்கும் தொடக்கப் பகுதியையும் சேர்த்துத் தட்டோடு தட்டாகப் படியெடுத்து, முதல் முறை திறக்கும்போது பழைய வன்தட்டைக் கழற்றி வைத்தோம். இரண்டும் ஒரே அடையாளத்துடன் இருந்தால் எது எதிலிருந்து எழுகிறது என்று குழம்பிப்போகும்.

கணினி இருபது வினாடிக்குள் திறந்தது. இளம் ஆசிரியர் கைதட்டினார். நான் மலர்க் கோப்பைத் திறந்து, நன்கொடைப் பட்டியலின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். பெயர்கள் தமிழில் இருந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலை பாதியில் இருக்கிறது. மாற்றும் மென்பொருள் ஒற்றைக்கொம்பை அங்கங்கே தவறவிடுவதால் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபார்க்க வேண்டியுள்ளது. 'கெ' வரிசை வரை வந்திருக்கிறேன்.