சட்டைப் பைக்குள் ஒரு காட்சி

ஹரியும் ஹரனும் ஒன்றாக நிற்கும் கோலத்தைக் காணக் கோமதி அம்மன் புன்னை வனத்தில் தவமிருந்தாள் என்பது சங்கரன்கோவில் தல புராணம். இன்று ஆடித் தபசுக்கு வரும் பக்தர் கையைச் சற்று உயர்த்தினால் போதும். திருவிழாக் காட்சி படமாக அகப்பட்டுவிடுகிறது!

இந்தச் சௌகரியம் ஒரே நாளில் வந்ததல்ல. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரைக் கோயிலைப் படமெடுக்க, காமிராவையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார். 1975-ல் அமெரிக்காவின் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்னும் இளைஞர் பிலிம் இல்லாத டிஜிட்டல் காமிராவைச் செய்து காட்டினார். எடை சுமார் மூன்றரைக் கிலோ. ஒரு படம் காசெட் நாடாவில் பதிய 23 விநாடி! இருபது வருஷம் கழித்து, 1995-ல் ஜப்பானின் காஸியோ கம்பெனி கைக்கடக்கமான காமிரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடுத்த படத்தை அதன் முதுகிலிருந்த சிறு திரையிலேயே பார்க்கலாம். அதன் தம்பிமார்கள் விரைவில் சட்டைப் பைக்குள்ளேயே புகுந்தார்கள். 36 படத்துக்குமேல் பிலிம் இல்லையே என்று கணக்குப் பார்த்த குடும்பத் தலைவருக்கு விடுதலை! பாட்டி கண்ணை மூடிவிட்டால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். கோடக் கம்பெனியோ 2012-ல் திவால் பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிற்று. பிறகு கைபேசி வந்து அந்தச் சின்னக் காமிராவின் வேலையையும் பறித்துக்கொண்டது.

ட்ரைப்பின் படங்கள் காகிதத்தில் இருப்பதால் இன்றும் காண்கிறோம். சின்னக் காமிராவில் எடுத்த எத்தனையோ கல்யாணப் படங்கள் பழுதான கம்ப்யூட்டர்களுக்குள் அல்லவா உறங்குகின்றன? தவமின்றிக் கிடைத்த காட்சியைக் காப்பாற்றவாவது சிறிது சிரத்தை வேண்டும். நூற்றில் ஒன்றையேனும் அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டி வையுங்கள். பேரப் பிள்ளைகளுக்கு அதுதான் சரித்திரம்.