ஒரு புள்ளி, ஒரு எண், ஒரு பழைய பிரிண்டர்

எங்கள் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டருக்கு 11 வயது. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அது ஒரு பக்கத்தை அச்சடிக்க ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. அடிக்க வேண்டியது 38 பக்கம். விடிந்தால் முதல் பஸ்ஸில் சித்தப்பா மேலே போக வேண்டும்.

போடிநாயக்கனூரில் 'மேலே' என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டில் மாநில எல்லையைக் கடந்தால் வரும் ஏலமலை. கீழே ஊர் காய்ந்து கிடக்கும். அரை மணி நேரம் ஏறினால் மூடுபனி. காய் அங்கே விளையும், வியாபாரம் இங்கே நடக்கும். என் தாத்தா கீழேயிருந்து ஏறிப்போய்ப் பூப்பாறைப் பக்கம் தோட்டம் போட்டவர்களில் ஒருவர். அதில் ஒன்றரை ஏக்கர் இப்போது சித்தப்பா கையில்.

அந்த ஒன்றரை ஏக்கருக்குத்தான் 38 பக்கமும். கீழே நாம் 'பட்டா' என்பதை மேலே 'பட்டயம்' என்பார்கள். வனநிலத்தில் 1977 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருப்பவர்களுக்குப் பட்டயம் கொடுப்பதற்காகக் கேரள அரசு 1993இல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. அதனால் மேலே நிலம் வைத்திருப்பவர்களின் பீரோவில் 1977க்கு முந்தைய எந்தத் துண்டுச் சீட்டும் பொன் மாதிரி. தாத்தா பணம் கட்டிய ரசீதுகள் ஒன்பது எங்களிடம் இருக்கின்றன. மீதி 29 பக்கம் மனு, முகவரிச் சான்று, அது இது.

"அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்னு நெனச்சேன் தம்பி" என்றார் சித்தப்பா. மணி பத்தரை. ஜெராக்ஸ் கடைகள் மூடியாயிற்று. 38ஐ ஏழால் பெருக்கிப் பார்த்தேன். நாலரை மணி நேரம். அதற்குள் மை தீர்ந்துவிடும்.

*

பிரிண்டர் மெதுவாக ஓடினால் முதலில் கேட்க வேண்டியது, மெதுவாக இருப்பது பிரிண்டரா அதற்கு உத்தரவு போடுபவரா என்பதுதான். கணினியோடு இருக்கும் வயரைப் பிடுங்கிவிட்டு, பிரிண்டர் தானாகவே ஒரு சோதனைப் பக்கம் அடிக்கும் பட்டனை அமுக்கினேன். அரை நிமிடத்துக்குள் பக்கம் வெளியே வந்தது. ஆக, கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. உத்தரவில்தான் ஏதோ கோளாறு.

ஆனால் அந்தச் சோதனைப் பக்கம் இன்னொன்றையும் காட்டியது. படிக்கட்டு மாதிரி இருக்க வேண்டிய கறுப்புக் கோடுகளில் அங்கங்கே வெள்ளை இடைவெளி. சில நாசில்கள் அடைத்திருக்கின்றன. இந்த இரண்டு கோளாறுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைப் புரிந்துகொள்ள இந்த இயந்திரம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

*

குழாயை லேசாகத் திறந்துவிட்டுப் பாருங்கள். நூல் மாதிரி இறங்கும் தண்ணீர் கொஞ்சம் கீழே போனதும் துளித்துளியாக உடையும். ஏன் உடைகிறது என்பதை 1870களில் பெல்ஜியத்தின் பிளாட்டோவும் இங்கிலாந்தின் ராலே பிரபுவும் கணக்காகவே எழுதினார்கள். இங்க்ஜெட்டின் அடிப்படை அந்தக் கணக்குதான். ஆனால் அதற்கும் முன்பே, 1867இல், வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) கடலடித் தந்திக்காக ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரும் மின்சாரம் மிகவும் பலவீனமானது. பேனா காகிதத்தில் உரசினாலே நின்றுவிடும். அதனால் பேனாவே காகிதத்தைத் தொடாதபடி மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாக மையைத் தெறிக்கவிட்டார். தொடாமல் எழுதுவது என்ற யோசனை அங்கே தொடங்குகிறது.

அடுத்து நின்றது மருத்துவத்தில். ஸ்வீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட் இதயத் துடிப்பைக் காகிதத்தில் பதிய மை பீய்ச்சும் கருவி ஒன்றைச் செய்தார். 1951இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1958இல் முதன்முதலாக மனித உடலுக்குள் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கரைச் செய்தவரும் இவரேதான். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் துளிகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிட்டார்.

வீட்டுக்குள் இது வந்த கதை ஒரு விபத்து. 1977இல் ஜப்பானில் கேனான் ஆய்வகத்தில் இச்சிரோ எண்டோ என்பவரின் சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியைத் தொட்டது. ஊசி முனையிலிருந்து மை சீறியது. சூடு பட்ட இடத்தில் குமிழி உருவாகி மையை வெளியே தள்ளியிருக்கிறது. கொஞ்ச நாளில் அமெரிக்காவில் எச்பியின் ஜான் வாட் இதே யோசனைக்குத் தனியாகவே வந்து சேர்ந்தார். 1984இல் வந்த எச்பி திங்க்ஜெட்டுக்கு 12 நாசில்தான். 1988இல் டெஸ்க்ஜெட் வந்தபோது அதன் வேகம் நிமிடத்துக்கு இரண்டு பக்கம், அதையே ஆச்சரியமாகப் பார்த்தார்கள். சூடே வேண்டாம் என்று மின்சாரம் பாய்ந்தால் நெளியும் பொருளை வைத்துத் துளியைத் தள்ளியது எப்சன்.

எங்கள் பிரிண்டர் குமிழி ஜாதி. ஒவ்வொரு நாசிலுக்குப் பின்னாலும் ஒரு குட்டி அடுப்பு. கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை சுட்டுச் சுட்டு ஆறும். தலை அதிகமாகச் சூடானால் இயந்திரம் தானாகவே நின்று நின்று அடிக்கும். மை குறைந்தாலும் பல மாடல்களில் அப்படித்தான், ஏனென்றால் மைதான் அந்த அடுப்பைக் குளிரவைக்கிறது. மை இல்லாமல் சுட்டால் தலை கருகிவிடும். சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவது பல நேரம் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதுதான்.

*

வயரை மாட்டிவிட்டு செட்டிங்ஸைத் திறந்தேன். மூன்று விஷயம் கிடைத்தது.

ஒன்று, காகித வகை 'போட்டோ பேப்பர்'. கடைசியாகத் தங்கச்சி பாஸ்போர்ட் சைஸ் போட்டோ அடித்திருக்கிறாள், மாற்றவில்லை. இரண்டு, தரம் 'உச்சம்'. மூன்று, 'சத்தமில்லாத இயக்கம்' ஆன் ஆகியிருந்தது. அவளுடைய குழந்தை தூங்குகிற அறையில் பிரிண்டர் இருந்த காலத்து உத்தரவு அது. குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இயந்திரம் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழசானது நாங்கள் போட்ட உத்தரவுகள். இது போக, ரசீதுகளைக் கலரில், பெரிய படங்களாக ஸ்கேன் செய்திருந்தேன். எழுத்தை அனுப்பும்போது தரவு கொஞ்சம்தான். படத்தை அனுப்பும்போது வெறும் காகிதத்தின் மஞ்சள் கறையைக்கூட ஒவ்வொரு புள்ளியாக அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றினேன். சாதாரணக் காகிதம், சாதாரணத் தரம், கறுப்பு மட்டும். ஒரு ரசீதை அடித்தேன். நாற்பது நொடியில் வந்தது. சித்தப்பா முகம் மலர்ந்தது. அதை வாங்கி லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "இது 74ஆ 71ஆ?" என்று கேட்டார்.

பக்கம் முழுக்க மெல்லிய வெள்ளைக் கோடுகள். சோதனைப் பக்கத்தில் பார்த்த அதே அடைப்பு. உச்சத் தரத்தில் அது ஏன் தெரியவில்லை? அங்கேதான் இரண்டு கோளாறும் ஒன்றாகின்றன. வேக முறையில் தலை ஒரு பட்டையின் மேல் ஒரே தடவைதான் போகும். ஒரு நாசில் அடைத்திருந்தால் அந்தக் கோடு காலி. உச்சத் தரத்தில் அதே பட்டையின் மேல் பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகர்ந்து போகும். ஒரு நாசில் விட்டதை இன்னொரு நாசில் நிரப்பும். இத்தனை நாள் அந்த மெதுவான ஓட்டம்தான் அடைப்பை எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

கணினி வழியாக 'ஹெட் கிளீனிங்' கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது மையைக் குடிக்கும், எங்களிடம் மிச்சம் கொஞ்சம்தான். எங்கள் பிரிண்டரில் நாசில்கள் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தவை. அதனால் வேறு வழி இருந்தது. கறுப்புக் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் நாசில் பக்கம் கீழே படும்படி ஒரு நிமிடம் வைத்து, ஒற்றி எடுத்தேன். செம்புத் தொடுபுள்ளிகளில் கை படக் கூடாது. தேய்க்கவும் கூடாது. மறுபடி சோதனைப் பக்கம். பெரும்பாலான இடைவெளிகள் மூடிக்கொண்டன. இரண்டு மட்டும் மூடவில்லை.

*

இரண்டு நாசில்தானே, போனால் போகட்டும் என்று விடலாமா?

தமிழுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள் என்பார்கள். வாசிப்பவர் இடம் பார்த்து நிரப்பிக்கொள்வார். எகரமா ஏகாரமா என்பதைக்கூட அப்படித்தான் ஊகித்தார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்து எழுத்தின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

அச்சு வந்த பிறகும் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஓடியது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது, மொத்தமே 16 பக்கம். தரங்கம்பாடிக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து இறங்கின. எழுத்துகள் ரொம்பப் பெரிது. அதில் அடித்தால் புதிய ஏற்பாட்டுக்குக் காகிதம் போதாது. சீகன்பால்குவின் குழுவினர் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து 1715இல் வேலையை முடித்தார்கள். எழுத்தைச் சிறிதாக்கலாம், புள்ளியை விடலாம், மையைக் குறைக்கலாம். மொழி தெரிந்தவர் மீதியைப் படித்துக்கொள்வார்.

எண்ணில் மட்டும் அது நடக்காது. '74'இல் ஒரு கோடு போனால் அது '71' ஆகிவிடலாம். முன்னாலும் பின்னாலும் இருக்கும் சொற்கள் எதுவும் உதவிக்கு வராது.

ஏலமலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1897இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி காப்புக்காடு எவ்வளவு என்பது உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. கேரள அரசு 15,720 ஏக்கர் என்கிறது. எதிர்த்தரப்பு 2,15,720 ஏக்கர் என்கிறது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் முன்னால் இருக்கும் ஒரு 2. அந்த ஒரு எண்ணுக்குள் இரண்டு லட்சம் ஏக்கர் இருக்கிறது. தோட்டங்கள், ஏலக்காய் ஸ்டோர்கள், லயங்கள், ஊர்கள். எது சரி என்று சொல்ல நான் ஆளில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து ஒரு மலையே ஒரு எண்ணின் மேல் நிற்க நேரலாம் என்று மட்டும் தெரிகிறது.

எங்கள் ஒன்பது ரசீதும் மலையாளத்தில் கையால் எழுதியவை. எனக்கு மலையாளம் படிக்க வராது. அதில் எனக்குப் புரிவது எண்கள் மட்டும்தான்: தொகை, தேதி, வருடம்.

*

அதனால் வேலையைப் பிரித்தேன். மனுவும் சான்றுகளும் 29 பக்கம், டிராஃப்ட் முறையில். எழுத்து கொஞ்சம் வெளிறினாலும் படித்துவிடலாம். தலை சூடாகி நடுநடுவே நின்றும்கூட இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. ஒன்பது ரசீதுகளுக்கு மட்டும் சாதாரணக் காகிதம், ஆனால் உச்சத் தரம். போட்டோ பேப்பர் கணக்கில் ஊற்றிய மை இல்லாததால் ஏழு நிமிடம் நாலாகக் குறைந்தது. அதற்குக் கீழே குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இதுக்கு மேல வேகமா போகாதா?" என்று சித்தப்பா கேட்கவில்லை. நான்தான் அதை எதிர்பார்த்துப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு தலை போய்ப் போய் வருவதைப் பார்த்தபடி இருந்தார். "ஸ்டோர்ல காய் போட்டா இப்படித்தான்டா" என்றார். "ராத்திரி பூரா வெக்கணும். அவசரப்பட்டுச் சூட்ட ஏத்துனா காஞ்சிரும். ஆனா பச்ச போயிரும். பச்ச போனா ஏலத்துல விலையும் போயிரும்."

ஒவ்வொரு பக்கமும் வந்ததும் ஈரம் காயும்வரை தனியாக விரித்து வைத்தோம். மழைக்காலக் காகிதம், ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மை ஒட்டும். எட்டாவது ரசீதில் மை குறைவு என்று விளக்கு மின்னத் தொடங்கியது. ஒன்பதாவது பாதியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு தொடர்ந்தது. மணி பன்னிரண்டரை.

அதன் பிறகும் படுக்கவில்லை. சித்தப்பா அசலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரசீதின் எண்ணையும் வாசித்தார். நான் பிரிண்டைப் பார்த்துத் திருப்பிச் சொன்னேன். ரசீது நம்பர், தொகை, நாள், மாதம். ஒவ்வொன்றின் கடைசியிலும் வருடம். எழுபத்தி ஒண்ணு. எழுபத்தி மூணு. எழுபத்தி நாலு.

"நாலுதானே?" என்று நிறுத்திக் கேட்டார்.

"நாலுதான் சித்தப்பா."

அடுத்ததை எடுத்தார்.