வாக்குச் சீட்டும் நம் வரலாறும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் பகுதியின் தெருக்களில் எழும் வினா ஒன்றே. "இம்முறை நம் மக்களின் வாக்கு யாருக்கு?" என்பதே அது. துறைமுகத்தில் சுமை இறக்குவோரும், உப்பளத்தில் உழைப்போரும், கரிசற்காட்டில் ஏர் பிடிப்போரும், கல்லூரியில் பயிலும் இளைஞரும் இவ்வினாவை எழுப்புகின்றனர். ஒரு சாரார், "வெல்லும் கட்சிக்கே வாக்களிப்போம், வாக்கை வீணாக்குதல் ஆகாது" என்பர். மற்றொரு சாரார், "நம்மவர் தனித்து நின்றால் தோற்பினும் அவர்க்கே வாக்களிப்போம்" என்பர். "எவர் வந்தும் நமக்கு யாது பயன்?" என்று சலித்து வீட்டில் இருந்துவிடுவோரும் உளர்.

நம் கல்விக் கழகம் எக்கட்சியையும் சார்ந்தது அன்று. ஆகவே, இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று கூறுதல் இவ்வெள்ளி விழா மலரின் நோக்கமன்று. எனினும், இவ்வினாவிற்கு நம் முன்னோர் காலந்தோறும் என்ன விடை கண்டனர், அதனால் என்ன பெற்றனர், என்ன இழந்தனர் என்பதை அறியாமல் வாக்குச்சாவடிக்குச் செல்லுதல் கற்றோர்க்கு அழகாகாது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறவே முற்படுகின்றோம்.

வாக்குரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களின் பேராளர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், அரசால் நியமிக்கப்பட்டவரே. அவ்வாறு முதலில் அமர்ந்தவர் பெருந்தலைவர் எம்.சி. ராஜா. அவர் தொடக்கத்தில் நீதிக்கட்சியோடு இணைந்து நின்றவர். 1921ஆம் ஆண்டு சென்னை ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. அப்போது அக்கட்சியினர் நம் மக்கள்பால் நடந்துகொண்ட முறை அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது. 1923ஆம் ஆண்டில் அக்கட்சியை விட்டு அவர் விலகினார். ஒரு கட்சியின் கொள்கை வேறு, நெருக்கடி வேளையில் அதன் நடத்தை வேறு என்று நம்மவர் கண்ட முதற் பாடம் அதுவே.

பின்னர் வட்டமேசை மாநாடு கூடியது. அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் இலண்டன் சென்று, தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென்று வாதிட்டனர். நம் பேராளரை நாமே தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பது அவர்தம் நிலை. எம்.சி. ராஜாவோ 1932இல் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து, கூட்டுத் தொகுதியே தக்கது என்றார். பிற மக்களிடமிருந்து பிரிந்து நின்றால் அவர்தம் நல்லெண்ணத்தை இழப்போம் என்று அவர் அஞ்சினார். இருவரும் நம் மக்களின் நலம் நாடியவரே. வழியில் மட்டுமே வேறுபட்டனர். இன்று நம் தெருமுனையில் நிகழும் வாதம் அன்றே தொடங்கிவிட்டது.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தனித்தொகுதி முறையை ஏற்று அறிவித்தது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி மாகாணச் சட்டமன்றங்களில் நமக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்திற்கு 30 கிடைத்தன. இடங்கள் பெருகின; ஆயின், அவ்விடங்களில் அமர்வோரை முடிவாகத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் பெரும்பான்மையோர் கைக்குச் சென்றது. நம் வகுப்பு வாக்காளர் முதற்கட்டத்தில் நால்வரைத் தேர்ந்தனுப்பலாம். அந்நால்வருள் வெல்பவர் யார் என்பதைப் பொது வாக்காளரே முடிவு செய்வர் என்பதே ஏற்பாடு.

இதன் விளைவு ஆறே ஆண்டுகளில் தெரிந்தது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசு பெருவெற்றி பெற்றது. தனித்தொகுதிகளுள் பெரும்பாலானவையும் அதன் வசமாயின. 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த குடியுரிமைத் தடைகள் நீக்கும் மசோதா சட்டமாயிற்று. அது அவ்வரசுக்குப் பெருமையே. ஆனால், அதே ஆண்டில் அவர் ஆலய நுழைவு மசோதாவைக் கொணர்ந்தபோது முதலமைச்சர் இராஜாஜி அதனை ஏற்கவில்லை. வாக்கெடுப்பில் அது வீழ்ந்தது. கட்சிக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டு நம் வகுப்பு உறுப்பினர்களும் அதற்கு எதிராகவே வாக்களித்தனர். கூட்டுத்தொகுதியை விரும்பிய ராஜாவே மனம் நொந்து காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு, 1939 சூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நம் மக்கள் நுழைந்தனர். அதன்பின் சட்டமும் வந்தது. நன்மை வந்தது, ஆயினும் அது நம் உறுப்பினரின் வாக்கினால் வந்ததன்று, பிறர் குறித்த காலத்தில் வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நாடு விடுதலை பெற்றபின் வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதியில் பொது இடம் ஒன்று, நமக்குரிய இடம் ஒன்று; வாக்காளர்க்கு இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவர்க்கே அளித்தல் கூடாது. 1952இல் வடபம்பாய்த் தொகுதியில் அண்ணல் அம்பேத்கர் நின்று, காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கரிடம் தோற்றார். அத்தேர்தலில் பல்லாயிரம் வாக்குகள் செல்லாதவை ஆயின. அரசியற் சட்டத்தை வரைந்த பெருமகனார் 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் வெல்லவில்லை. அறிவும் தொண்டும் மட்டும் தேர்தலை வெல்லா. வாக்குகளின் கணக்கும் கூட்டணியும் வேண்டும் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேறில்லை.

இம்முறையில் வேறொரு விந்தையும் நிகழ்ந்தது. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி போட்டியிட்டார். பழங்குடி வேட்பாளர் இருவர் அவரினும் கூடுதல் வாக்குப் பெற்றனர். ஒருவர் தனி இடத்தையும், மற்றவரான சூரி தோரா பொது இடத்தையும் அடைந்தனர். கிரி வழக்குத் தொடுத்தார். 1959இல் உச்சநீதிமன்றம் சூரி தோராவின் வெற்றியே செல்லும் என்றது. ஈராண்டில், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால், இரட்டை உறுப்பினர் தொகுதிகளே ஒழிக்கப்பட்டன.

வாக்களிப்பதற்காக நம் மக்கள் உயிரையும் விலையாகக் கொடுத்தனர். நமக்கு அண்மையிலுள்ள முதுகுளத்தூரில் 1957 சூலையில் இடைத்தேர்தல் நடந்தது. அங்கே நம் மக்களுள் பெரும்பாலோர் காங்கிரசை ஆதரித்தனர். வென்றது பார்வர்டு பிளாக். இன்னாருக்கு வாக்களித்தனர் என்ற சினமும் பழைய சாதிப் பகையும் சேர்ந்து கலவரமாயின. செப்டம்பர் 10ஆம் நாள் அமைதிக் கூட்டம் நடந்தது. அதில் சரிநிகராக அமர்ந்து பேசிய தியாகி இம்மானுவேல் சேகரன் மறுநாளே பரமக்குடியில் கொலையுண்டார். வாக்குரிமையை ஐந்நூறு ரூபாய்க்கோ ஒரு வேளை விருந்துக்கோ விற்க எண்ணும் இளைஞன் அந்நாளை நினைவில் கொள்ளட்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுள் ஒட்டப்பிடாரம் ஒன்றே தனித்தொகுதி. வ.உ.சி. பிறந்த ஊரும், வீரன் சுந்தரலிங்கனார் பிறந்த கவர்னகிரியும் அப்பகுதியிலேயே உள்ளன. பெருங்கட்சிகள் நிறுத்திய நம்மவரே அங்குப் பல்லாண்டு மாறி மாறி வென்றனர். 1995 ஆகஸ்டு 31ஆம் நாள் கொடியன்குளத்துள் காவற்படை புகுந்து, வீடுகளையும் உடைமைகளையும் சூறையாடியது. நம் மக்கள் உள்ளம் கொதித்தனர். 1996 தேர்தலில் மாநிலம் முழுதும் தி.மு.க., தமிழ் மாநிலக் காங்கிரசுக் கூட்டணி வென்றபோதும், இரு பெருங்கூட்டணிகளையும் சாராது நின்ற டாக்டர் கிருஷ்ணசாமியை ஒட்டப்பிடாரம் தேர்ந்தெடுத்தது. நம் வாக்கு ஒன்றுபட்டால் பேரலையையும் தாங்கி நிற்கும் என்பதை நாடு கண்டது.

ஆனால், அவ்வெற்றியை மீண்டும் மீண்டும் தனித்துப் பெற இயலவில்லை. அவர் 2011இல் மறுபடி வென்றபோது அ.இ.அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தார். 2016இல் தி.மு.க. கூட்டணியில் நின்று 493 வாக்குகளில் தோற்றார். ஒரு சிற்றூரின் வாக்குகளே அன்று முடிவை மாற்றியிருக்கும். "என் ஒரு வாக்கால் என்ன ஆகும்?" என்று வீட்டில் இருந்தோர் இவ்வெண்ணை எண்ணிப் பார்த்தல் நன்று.

கடல் கடந்த நாடொன்றின் வரலாறும் நமக்குப் பாடமாகும். அமெரிக்கக் கறுப்பின மக்கள், அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் கட்சி என்பதால், குடியரசுக் கட்சிக்கே பல பத்தாண்டுகள் வாக்களித்து வந்தனர். அக்கட்சியோ அவர்தம் வாக்கு எங்கும் போகாது என்று எண்ணி அவர்களை மறந்தது. அறிஞர் டூபாய்சு 1912ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் துணிந்து சனநாயகக் கட்சியின் வில்சனை ஆதரித்தார். வென்ற வில்சனின் ஆட்சியிலோ நடுவணரசு அலுவலகங்களில் நிறவேற்றுமை புகுத்தப்பட்டது. இரு கட்சிகளாலும் ஏமாற்றமுற்ற அவர் 1956இல், தாம் வாக்களிக்கப் போவதில்லை என்றே எழுதினார். ஆனால், அம்மக்களின் பெரும்பகுதியினர் வாக்கைக் கைவிடவில்லை. 1936இல் ரூசுவெல்ட்டின் பக்கம் திரும்பினர், தெருவிலும் போராடினர், 1965இல் வாக்குரிமைச் சட்டத்தைப் பெற்றனர். இந்த டூபாய்சுக்கே 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் சில. ஒரு கட்சிக்கே என்றென்றும் அடிமைச்சீட்டு எழுதிக் கொடுத்தல் தகாது; அவ்வாறு கொடுத்தோரை அக்கட்சியே மதியாது. கணக்கறியாமல் தனித்து நிற்றலும் பயனற்றது. கூட்டணி தவறன்று, கோரிக்கை இல்லாத கூட்டணியே தவறு. கல்வி உதவித்தொகை, பஞ்சமி நிலம், குடிமனைப் பட்டா, உப்பளத் தொழிலாளர் நலம் ஆகியவற்றை எழுத்தில் வைத்து, வாக்குக் கேட்டு வருவோர் அனைவரிடமும் விடை பெறுதல் வேண்டும். வென்றபின் அவ்வெழுத்தைக் காட்டிக் கேட்டலும் வேண்டும்.

மேலும், நம் கண்கள் ஒட்டப்பிடாரத்தை மட்டுமே நோக்குகின்றன. விளாத்திகுளம், கோவில்பட்டி, திருவைகுண்டம், திருச்செந்தூர், தூத்துக்குடி ஆகிய பொதுத்தொகுதிகளிலும் நம் மக்கள் வாழ்கின்றனர். தனித்தொகுதியில் எக்கட்சி வேட்பாளரும் நம்மவரே; ஆங்கு வெற்றியைத் தீர்மானிப்பதில் பிறர் வாக்குக்கும் பெரும் பங்குண்டு. பொதுத்தொகுதியிலோ இருவர் கடுமையாக மோதும்போது நம் வாக்கே துலாக்கோலின் முள்ளாகும். அங்கேதான் நம் பேரம் பேசும் வலிமை மிகுதி. ஊராட்சித் தேர்தலையும் சிறிதென எண்ணற்க. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 சூன் 30ஆம் நாள் கொலையுண்டதும், பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தேர்தல் நடத்த இயலாமற் போனதும், அப்பதவி எத்துணை வலிமை உடையது என்பதைப் பகைவரே உணர்த்திய செய்திகளாம்.

நம் முத்துக்கரையில் 1961ஆம் ஆண்டோடு அரசின் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. மூச்சை அடக்கி மூழ்கியவன் கொணர்ந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே அவனுக்கு உரியது, எஞ்சியது அரசுக்கு. பிளவாத சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் எடுத்தோர், உள்ளே முத்துண்டா என அறியாமலே விலை தந்தனர் என முதியோர் கூறுவர். நம் மக்களும் இதுவரை பெரும்பாலும் அவ்வாறே வாக்களித்து வந்தனர். இனி அவ்வாறு ஆதல் வேண்டா. கற்றிருக்கின்றோம், கேட்டறியும் வாயும் எழுதிவைக்கும் கையும் நமக்கு உண்டு.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது தேர்வில் வெல்வதற்காக மட்டுமன்று. அண்ணல் அம்பேத்கர் கல்வியோடு ஒற்றுமையையும் போராட்டத்தையும் சேர்த்தே கூறினார். ஆகவே இளைஞர்களே, வாக்காளர் பட்டியலில் உம் பெயரும் உம் அன்னையின் பெயரும் உளவா என்று இன்றே பாருங்கள். முதியோரை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்லுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் வரலாறு கற்றோராய் வினா எழுப்புங்கள். அதன்பின் உம் மனம் ஒப்பும் சின்னத்திற்கு, எவர்க்கும் அஞ்சாது, உம் வாக்கை அளியுங்கள்.