45 வயதில் மறைந்த மண்டபம்



மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது டில்லி பிரகதி மைதானத்தில் இருந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கண்காட்சிக் கூடம்தான். சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி 1972 நவம்பரில் நடந்த 'ஆசியா 72' வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் மகேந்திர ராஜ். சண்டிகரில் கார்பூசியேயின் கட்டடங்களில் வேலை செய்தவர்.

நுனி வெட்டிய பிரமிடு மாதிரி உருவம். 70 மீட்டருக்கும் மேல் அகலம், நடுவில் ஒரு தூண்கூட கிடையாது! அதைத் தாங்கியது ஸ்பேஸ் ஃப்ரேம். முக்கோண முக்கோணமாகக் கோத்த சட்டங்கள் சுமையைப் பல திசைகளில் பங்கிட்டுத் தரைக்கு அனுப்பும். வழக்கமாக இதை இரும்புக் குழாயில்தான் செய்வார்கள். ஆனால் அன்று நம் நாட்டில் இரும்புக்குத் தட்டுப்பாடு, கைவேலைக்கு ஆள் நிறைய. சரி, கான்கிரீட்டிலேயே செய்துவிடலாம் என்று துணிந்தார்கள்.

சொல்வது சுலபம். சைட்டில் நின்றவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். பல சட்டங்கள் வந்து சேரும் ஒவ்வொரு முடிச்சிலும் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டும். சாய்வான சட்டத்துக்குச் சென்ட்ரிங் அடிப்பது தனி வித்தை. அத்தனையையும் சாரம் கட்டி, அந்த இடத்திலேயே வார்த்தார்கள். ஆழமான அந்தச் சட்டங்களே வெயிலுக்கு ஜாலி போல நிழலும் தந்தன. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

அதன்பின் வர்த்தகக் கண்காட்சி, புத்தகக் கண்காட்சி என்று மைதானத்தில் எது நடந்தாலும் கூட்டம் இங்கேயும் நிரம்பும். கல்விச் சுற்றுலாவில் நாங்கள் போனபோது, ஸ்டால்களை விட்டுவிட்டு அண்ணாந்து முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். வாத்தியார் திட்டவில்லை, அவரும் எண்ணினார்.

புதிய மாநாட்டு மையத்துக்கு இடம் வேண்டுமென்று இதை இடிக்க முடிவானது. பெரிய மையம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் 60 ஆண்டு நிறையாத கட்டடம் பாரம்பரியச் சின்னம் ஆகாது என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. கான்கிரீட்டின் அருமை வயதிலா இருக்கிறது? உலகெங்கும் இருந்து கடிதங்கள் போயின. வழக்கும் நடந்தது, மனு தள்ளுபடியானது. 2017 ஏப்ரல் 23 இரவு இயந்திரங்கள் உள்ளே நுழைந்தன. விடிவதற்குள் கூடம் தரைமட்டம். 2023-இல் திறந்த பாரத் மண்டபம் அந்த மைதானத்தில்தான் இருக்கிறது.

மகேந்திர ராஜ் 2022 மே மாதம் காலமானார். அவருடைய வேலைகளைப் பற்றி 2016-இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வந்திருக்கிறது, வரைபடங்களோடு. நம் கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கித் தரும்படி சங்கச் செயலாளரைக் கேட்டிருக்கிறேன். சிவில் தம்பிகள் முதலில் அந்த முடிச்சுகளின் கம்பி விவரத்தைத் தேடிப் பாருங்கள்.