மூன்று வெள்ளி அனுமதிச் சீட்டு

உங்கள் காரில் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோல் எப்படி மூன்று மடங்காகிறது என்கிறீர்களா? மீதி எடை காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜன். முதலைப்போல் இரண்டு மடங்கு வட்டி! நெரிசலில் வண்டி நின்றாலும் இன்ஜின் ஓடும்வரை இந்தக் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த நெரிசலுக்கு முதலில் விலை வைத்த நகரம் சிங்கப்பூர். 1975 ஜூன் முதல், காலை 7.30க்கு மேல் நகர மையத்துக்குள் காரில் நுழைய ஒரு நாளைக்கு 3 வெள்ளி. அனுமதிச் சீட்டைக் கார்க் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். கேமரா கிடையாது, நுழைவிடங்களில் ஆட்கள் நின்று கண்ணால் பார்த்தே பிடித்தார்கள். அந்த நேரத்தில் நுழையும் வாகனங்கள் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. மக்கள் லேசுப்பட்டவர்களா? 9.30க்குக் கெடு முடியட்டும் என்று காத்திருந்து மொத்தமாக நுழைந்தார்கள். இரண்டே மாதத்தில் நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள்.

எனக்குப் பிடித்தது அதிலிருந்த ஒரு விலக்கு. நான்கு பேர் இருக்கும் காருக்குச் சீட்டே வேண்டாம். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களைக்கூட அழைத்து ஏற்றிக்கொண்டார்கள். 1989இல் அந்த விலக்கு போனது. 1998இல் காகிதச் சீட்டும் போய் மின்னணு வசூல் வந்தது.

அன்றைய நோக்கம் நெரிசலைக் குறைப்பதுதான், கார்பன் அல்ல. ஆனாலும் எரியாத பெட்ரோலுக்குப் புகை ஏது?

காலை எட்டரைக்கு நம் கேட்டில் நின்று பாருங்கள். பெரும்பாலும் காருக்கு ஒருவர்தான். ஒரே திசையில் போகிறவர்கள் செக்யூரிட்டியிடம் உள்ள நோட்டில் பெயரும் நேரமும் எழுதுங்கள். சேர்த்துவைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.