மாரடைப்பு: ஆண்களில் அறிகுறிகளும் உடனடிச் செயலும்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி குருதிக்கட்டியால் அடைபட்டு, தசை இறக்கத் தொடங்கும் நிலை மாரடைப்பு. ஆண்களில் முதன்மை அறிகுறி நடுநெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம். எங்கே நோகிறது என்று கேட்டால் பலர் விரலால் தொட்டுக் காட்டுவதில்லை. பொத்திய கையை நெஞ்சில் வைப்பார்கள். நோ தோள், இடக்கை, தாடை, முதுகு எனப் பரவலாம். குளிர்வியர்வை, மூச்சுத்திணறல், ஓங்காளம் கூடவே வரும். நீரிழிவுக்காரருக்கு நோ இல்லாமலும் வரக்கூடும். மேல்வயிற்றில் தொடங்கினால் ‘வாய்வு’ என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துக் காத்திருப்பதே பெரிய கேடு.

காத்திருப்பதைப் போலவே வழித்தூரமும் சிகிச்சை நேரத்தைத் தின்னும். எடுத்துக்காட்டாக, இலங்கையின் ஏ9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையிலுள்ள கனகராயன்குளத்துக்கு மாவட்டப் பொது வைத்தியசாலைகள் தெற்கே வவுனியாவிலும் வடக்கே கிளிநொச்சியிலும் உள்ளன. வழித்தூரமும் சிகிச்சை நேரத்தைத் தின்னும். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்கும் வசதி 120 நிமிடத்துக்குள் எட்டாதென்றால், கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றப்படும். அது அறிகுறி தொடங்கிய 12 மணித்தியாலத்துக்குள் பயன்படும். முதலிரு மணித்தியாலங்களில் பலன் மிக அதிகம்.

நோயாளியை நடக்கவிடாமல் சாய்த்து இருத்த வேண்டும். மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இருத்திக் கொண்டோடுவது ஆபத்து. வழியில் மயங்கினால் ஒன்றும் செய்யமுடியாது. ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். சுயநினைவிழந்து மூச்சு நின்றால் நடுநெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 2016இல் தொடங்கிய ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. அழைப்பு எண் 1990, கட்டணமில்லை.